ஏகாம்பரத்துக்கு ஓர் அனுதாபத் தீர்மானம்

உத்திரமேரூர் வட்டாரப் பழைய மாணவர் சங்கத்தில் ஊரோடு மிச்சமிருந்தவர்கள் நான்கு பேர். நால்வருமே எழுபதைத் தாண்டியவர்கள். சென்னைப் பட்டணத்தில் கடலைப் பார்த்து நின்ற ஒரு கல்லூரியில் ஒரே வகுப்பில் பி.ஏ. படித்தவர்கள். அங்கே என்ன படித்தார்கள் என்பது இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. படித்தோம் என்பது மட்டும் பசுமையாக நினைவிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கூடி, அதை ஒருவருக்கொருவர் நினைவுபடுத்திக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டுக் கலைவார்கள்.

காரியதரிசி பஞ்சாட்சர முதலியார். சப்-ரிஜிஸ்திராராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து இல்லாமல் இந்தத் தாலுகாவில் ஒரு காணி நிலம் கை மாறியதில்லை என்பதால், உலகம் சுழல்வதற்கும் தம் கையெழுத்து எங்கோ தேவைப்பட்டிருக்கும் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. அடுத்தவர் சின்னராசு நாயக்கர், வக்கீல். கதர் தவிர வேறு எதுவும் உடம்பில் பட விடாதவர். சமபந்தி போஜனத்தைப் பற்றி மூன்று தாலுகாக்களில் பேசிக் கைதட்டல் வாங்கியவர். பேசி முடித்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். மூன்றாமவர் சடையப்ப ரெட்டியார். நன்செய் புன்செய் நிறைய. காது கேட்காது. தமக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று நினைத்து உரக்கப் பேசுவார்.

நான்காமவர் அருள்தாஸ். மிஷன் உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் முதலாவதாகத் தேறியவர் அவர்தான் என்று மற்ற மூவரும் எல்லாக் கூட்டத்திலும் தவறாமல் சொல்வார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் முதலியார், நாயக்கர், ரெட்டியார் என்று அழைத்துக்கொள்வார்கள். அவரை மட்டும் 'மிஸ்டர் அருள்தாஸ்'. ஜாதிப் பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் சொல்வதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இருந்தது அவர்களுக்குப் பெரிய வசதி.

சாப்பாட்டிலும் அப்படித்தான். மூவருக்கும் கூடத்தில் இலை போடுவார்கள். அவருக்கு நடையில், மாட்டுக் கொட்டகைப் பக்கம் காற்று வரும் இடமாகப் பார்த்து, ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு வைத்திருப்பார்கள். "நீங்க டேபிள்ல சாப்பிட்டுப் பழகினவர். எங்களை மாதிரித் தரையில குந்தினா மூட்டு வலிக்கும்" என்பார் முதலியார், மூட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடியே. அருள்தாஸ் தம் மேஜையில் ராஜா மாதிரி தனியாகச் சாப்பிடுவார். கன்றுக்குட்டி ஒன்று எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வேறெங்கும் கிடையாது. ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கல்வெட்டு இருக்கிறது. சோழர் காலத்தில் குடத்தில் ஓலை போட்டு, குழந்தை கையால் எடுக்கச் சொல்லி, ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த கதையைச் சொல்லும் கல்வெட்டு. அதை முதலியார் சங்கத்துக்குச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஓலை நறுக்குகளில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு அடுத்த வருஷத் தலைவரை எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் வீட்டில் அடுத்த கூட்டம்; சாப்பாடும் அங்கேதான்.

அருள்தாஸின் பெயர் வந்ததே இல்லை. குடத்துக்குள் போயிருந்தால்தானே வரும்? அது அருள்தாஸுக்கும் தெரியும். ஆனால் கனவான்கள் கேட்கக் கூடாத கேள்விகள் என்று அவர் மனத்துக்குள் ஒரு பெட்டி வைத்திருந்தார். அதில் அதையும் போட்டுப் பூட்டிவிட்டார்.

போன வருஷம் முதலியாருக்குப் பெருமை பொறுக்கவில்லை. கல்வெட்டைப் பார்க்க வந்திருந்த வடநாட்டு சப்-கலெக்டர் ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்து வந்துவிட்டார். அந்த இளைஞர் ஆர்வமாகக் குடத்தைத் தம் பக்கம் இழுத்து, "எல்லாப் பெயரும் இதில் இருக்கிறதா?" என்று கேட்டார். நான்கு பேர் உட்கார்ந்திருக்க மூன்று ஓலையை எப்படிக் காட்டுவது? முதலியார் சட்டைப் பையிலிருந்த நான்காவது ஓலையை, மறதியாக விட்டுப்போனது போல, 'அடடே' என்று சொல்லிக் குடத்தில் போட்டார். சப்-கலெக்டர் தாமே கையை விட்டு எடுத்தார். 'அருள்தாஸ்' என்று முதலியாரே உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று. துரை கைதட்டினார். படம் எடுத்தார்கள். படத்தில் அருள்தாஸ் ஒருவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஒரு வருஷம் அவருக்கு வேறு யோசனையே இல்லை. மூன்று பேரும் தம் வீட்டுக்கு வந்து, தம்மோடு உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட வேண்டும். கல்லூரி, பட்டம், தலைமையாசிரியர் உத்தியோகம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இந்த ஒரு வாய்ச் சோற்றுக்குச் சரியாக வரும் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் முட்டாள் அல்லர். அவர்கள் என்ன சாக்குச் சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டே வந்தார். மாமிசம் புழங்கும் வீடு என்பார்களா? பத்து நாளாக வீட்டில் முட்டைகூட உடைக்கவில்லை. சமைக்கும் கை எந்தக் கை என்பார்களா? காஞ்சிபுரத்திலிருந்து விபூதியும் குடுமியுமாக ஒரு தவசிப்பிள்ளையை அமர்த்தினார். பாத்திரம்? கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் கடையிலிருந்து வந்தது. தண்ணீர்? ஊர்த்தெருக் கிணற்றிலிருந்து வண்டியில் ஏற்றி வந்தார்கள். அரிசி ரெட்டியார் நிலத்து நெல்லே. அந்த விருந்தில் அருள்தாஸ் வீட்டுடையது என்று சொல்ல உப்புக்கல்கூட இல்லை. அதைப் பற்றி அவருக்குப் பெருமையாகவும் இருந்தது.

இன்னும் ஒரு வாசல் இருந்தது. அவருடைய தம்பி சின்னப்பையன், ரெட்டியார் பண்ணையில் ஆள். அண்ணனை மிஷன் பாதிரி படிக்க அழைத்துப் போனபோது இவன் மாடு மேய்க்கப் போயிருந்தான், அப்படியே இருந்துவிட்டான். அவனிடம் சொல்ல அருள்தாஸுக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னார்.

"சின்னப்பையா, சனிக்கிழமை ரெட்டியார் நம்ம வீட்டுக்கு வர்றாரு. நீ அன்னிக்கு இந்தப் பக்கம் வராம இருந்தாத் தேவலை."

"இன்னாத்துக்கு?"

"அவருக்குக் கூச்சமா இருக்கும்."

"அவுருக்கா, ஒனக்காண்ணா?" சின்னப்பையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "நான் இன்னா ஆடா, மாடா, அவுத்து வேற எடத்துல கட்டறதுக்கு? வுடு, சொல்லிட்ட இல்ல. மாகறல்ல கரும்பு வெட்டறாங்க, அங்க போய்க்கிறேன். ஒன் வூட்டுக் கலியாணத்துக்கே பின்னால நின்னவன்தானே நானு."

அதையும் அருள்தாஸ் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

சனிக்கிழமை காலையில் தவசிப்பிள்ளை வந்து அடுப்படியைச் சாணம் போட்டு மெழுகி, கற்பூரம் கொளுத்தி, "அம்மா கொஞ்சம் வெளியில இருந்தாங்கன்னா நல்லது" என்றார். ஞானசுந்தரி தம் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் போய் உட்கார வேண்டியதாயிற்று.

"என் வூட்டு அடுப்பாண்ட நான் போவக் கூடாதுன்னு எந்த வேதத்துல போட்டிருக்கு?" என்றாள் அவள், கணவர் அந்தப் பக்கம் வந்தபோது.

"ஒரு நாள்தானே, ஞானம்."

"ஒரு நாளுதான். மத்த நாளெல்லாம் அவங்க கூடத்துக்கு நீங்க போவக் கூடாது. இன்னிக்கி என் அடுப்படிக்கு நான் போவக் கூடாது. நல்லாத்தான் கீது ஒங்க சங்கம்."

"அவங்க வந்து சாப்பிட்டுப் போகட்டும். அப்புறம் நீ என்ன வேணா பேசு."

"அவங்க சாப்பிடட்டும், நான் பேசவே இல்ல. அந்தக் குடுமிய மொதல்ல என் ஒரலு மேலேர்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்க."

அருள்தாஸ் கூடத்துக்குப் போய் மேஜையைப் பார்த்தார். மிஷன் பங்களாவிலிருந்து நாலு பேர் தூக்கி வந்த நீண்ட மேஜை. சுற்றி நான்கு நாற்காலிகள். அவர்தான் மேஜையில் சாப்பிட்டுப் பழகியவராயிற்றே. அவர்களும் பழகட்டும் என்று மனத்தின் ஒரு மூலையில் சின்னக் குறும்பு. தலைமை உரையை இன்னொரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இங்கிலீஷில் எழுதியிருந்தார், நடுவில் இரண்டு இடத்தில் லத்தீன் வரும். அந்த இரண்டு இடத்திலும் முதலியார் புரிந்தது போலத் தலையாட்டுவதைப் பார்க்க அவருக்கு ஆசை.

பதினோரு மணிக்கு ரெட்டியாரின் பழைய கார் ஏரிக்கரை இறக்கத்தில் உறுமிக்கொண்டு வந்து, கிறிஸ்தவர் தெரு முனையிலேயே நின்றது. உள்ளே வந்தால் சக்கரம் பதிந்துவிடும் என்றார் டிரைவர். தை மாதம், தெரு கட்டாந்தரையாகக் கிடந்தது. மூவரும் இறங்கி நடந்து வந்தார்கள். அருள்தாஸ் வாசலில் கைகூப்பி நின்றார். மாலை போட்டார். நாற்காலிகளைக் காட்டினார். மூவரும் நுனியில் உட்கார்ந்தார்கள்.

"காபி?"

"அப்புறம் ஆகட்டும், அப்புறம் ஆகட்டும்" என்றார் நாயக்கர்.

"என்னய்யா வாசனை இது, வத்தக்குழம்பா?" என்றார் ரெட்டியார், மூக்கைத் தூக்கி, தெருவுக்கே கேட்கும்படி. முதலியார் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

பிறகு முதலியார் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "மிஸ்டர் பிரசிடென்ட், கூட்டத்தை ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு துக்க சமாசாரம். நம்ம ஏகாம்பரம் போயிட்டார்."

"எந்த ஏகாம்பரம்?"

"நமக்கு எத்தனை ஏகாம்பரம்? நாகபுரி ஏகாம்பரந்தான். ரயில்வேயில பெரிய உத்தியோகத்துல இருந்தாரே. மாரடைப்பு. ரயில்ல ஒருத்தர் சொன்னார்."

"யாரு? யாரு போயிட்டா?" என்றார் ரெட்டியார்.

நாயக்கர் அவர் காதில் கத்தினார். "ஏகாம்பரம்!"

"ஆமாமா, பாவம். அதான் போன வாரமே முடிவாயிடுச்சே."

முதலியார் இருமினார். "காலமாகி ஒரு வாரம் ஆச்சுங்கறதைச் சொல்றார்."

அருள்தாஸின் காதில் இது எதுவும் ஏறவில்லை. ஏகாம்பரம்! கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக் கூடங்கள் வேறு வேறாக இருந்த காலத்தில், சாயங்காலம் கடற்கரை மணலில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் கைவிட்டு, சுண்டலைப் பங்கு போட்டுத் தின்றவன் அந்த ஒருவன்தான். தலைவரானதும் பழைய விலாசங்களுக்கெல்லாம் அழைப்பு எழுதியபோது அவனுக்கும் எழுதியிருந்தார். போய்ச் சேர்ந்திருக்காது, அவனே போய்ச் சேர்ந்துவிட்டான். அருள்தாஸ் மேல்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூவரும் கொஞ்சம் பயந்து போய் அவரைப் பார்த்தார்கள். செத்துப்போன செய்தியைக் கேட்டு ஒருவர் அழுவார் என்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

முதலியார் பையிலிருந்து கறுப்புத் துணித் துண்டுகளையும் குண்டூசிகளையும் எடுத்தார். மூன்று துண்டுகள் இருந்தன. நான்காவதைக் காணோம். ஒரு கணம் சங்கடமாகிவிட்டது. உடனே நாயக்கர் தம் துண்டை எடுத்துச் சரிபாதியாகக் கிழித்து, ஒரு பாதியை அருள்தாஸின் கோட்டில் தம் கையாலேயே குத்தினார். அதற்கு யாராவது கைதட்டுவார்களா என்று பார்ப்பது போல ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். மௌனம். அடுப்படியில் கடுகு வெடித்தது. ரெட்டியார் எச்சில் விழுங்கிய சத்தம் கேட்டது.

முதலியார் அனுதாபத் தீர்மானத்தை வாசித்தார். ஏகாம்பரம் ஒரு மலை, ஒரு கலங்கரை விளக்கம், ஓர் ஆலமரம் என்பதெல்லாம் அதில் வந்தது. நாயக்கர் வழிமொழிந்தார். தலைவர் அருள்தாஸ் தழுதழுத்த குரலில் அதை நிறைவேற்றினார்.

"மரபுப்படி" என்றார் முதலியார், உட்காராமலே, "துக்கம் அனுசரிக்கிற அன்னிக்குத் தலைமை உரை கிடையாது. விருந்தும் கிடையாது. பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக் கூடாது. அதுதான் நாம ஏகாம்பரத்துக்குச் செய்யற மரியாதை."

"எல்லாம் தயாரா இருக்கே" என்றார் அருள்தாஸ். துக்கத்திலிருந்து அவர் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. "சாதாரணச் சாப்பாடுதான். காஞ்சிபுரத்துத் தவசிப்பிள்ளை... தண்ணிகூட..."

"மிஸ்டர் அருள்தாஸ்!" நாயக்கர் அவர் தோளைத் தொட்டார். "உங்களுக்குச் சொல்லணுமா? சாப்பாடு எங்கே ஓடிப்போகுது? ஏகாம்பரம் திரும்பி வருவானா?"

ரெட்டியாரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து நடத்திப் போனார்கள். அவர் வாசல் தாண்டும் வரை தலையைத் திருப்பித் திருப்பி அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டு போனார்.

ஞானசுந்தரி கொல்லையிலிருந்து வந்தாள். மேஜை, நாற்காலி, கோட்டில் பாதிக் கறுப்புத் துணி. எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இன்னா, அதுக்குள்ள கிளம்பிட்டாங்க?"

"ஏகாம்பரம் செத்துட்டானாம்."

"ஐயோ பாவம். அவுரு எப்ப போனாரு?"

"போன வாரம்."

"போன வாரம் செத்தவருக்கு இன்னிக்கித்தான் பசிய அடக்கறாங்களா?" என்றாள் அவள். அருள்தாஸ் தலை நிமிர்ந்தார். மூன்று துணித் துண்டுகள், தயாராக நறுக்கி, குண்டூசியோடு. 'போன வாரமே முடிவாயிடுச்சே.' எல்லா வாசலையும் அடைத்தவர் எமன் வருகிற வாசலை விட்டுவிட்டார். பெட்டியில் போட்டுப் பூட்டலாம் என்று பார்த்தார். இது கொஞ்சம் பெரிதாக இருந்தது.

தவசிப்பிள்ளை கைகழுவிக்கொண்டு வந்து உத்தரவு கேட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் அருள்தாஸ்.

"வேணாங்க. காலையிலயே கட்டுச்சாதம் கொண்டாந்துட்டேன். வழியில ஏரிக்கரையில வச்சுச் சாப்பிட்டுக்கறேன்" என்றார், தம் கையால் தாமே சமைத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"சின்னப்பையன் வூட்டுக்கு எடுத்தனுப்பட்டுமா?" என்று கேட்டாள் ஞானசுந்தரி.

"இரு. யாராவது வந்தாலும் வருவாங்க."

யாரும் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். வந்தது ஒரு ஜட்கா வண்டி. வாசலிலேயே வந்து நின்றது. அதிலிருந்து தலைப்பாகையும் கைத்தடியுமாக ஒரு கிழவர், வண்டிக்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"டேய் அருளு! பிரசிடென்ட் ஆயிட்டா வாசல்ல வந்து கூப்பிட மாட்டியா?"

அருள்தாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாகபுரி ஏகாம்பரம் நின்றார். கொஞ்சம் குள்ளமாகி, பல் எல்லாம் புதிதாகக் கட்டி.

விஷயத்தைக் கேட்டதும் ஏகாம்பரம் கட்டுப்பல் கழன்று விழும்படி சிரித்தார். "எப்ப செத்தேன்?"

"போன வாரம்."

"எதுல?"

"மாரடைப்பு."

"பரவாயில்ல, இழுத்துக்கினு கிடக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேத்திக்கு வரன் பார்க்கறதுக்காகக் காஞ்சிபுரத்துல வந்து தங்கியிருக்கேன். உன் கார்டை நாகபுரியிலேர்ந்து இங்க திருப்பி அனுப்பிச்சாங்க. சொல்லாம வந்து நிக்கலாம்னு வந்தேன். பசி உயிர் போகுதுடா. போட்றா இலையை!"

அருள்தாஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாமே இலை போட்டார். ஏகாம்பரம் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். ஞானசுந்தரி சாதக் குண்டானோடு வந்து நின்றாள். காலையிலிருந்து இப்போதுதான் அவள் கை அந்தச் சமையலைத் தொட்டது.

"மத்தவங்கெல்லாம் பந்தி முடிச்சிட்டாங்களா?"

"இல்ல. அவங்க சாப்பிடல. உனக்காகத் துக்கம்."

"ஒருத்தருமேவா?"

"ஒருத்தரும்."

ஏகாம்பரத்தின் சிரிப்பு மெல்ல உள்ளே போயிற்று. இலையைப் பார்த்தார். சாதக் குண்டானைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அருள்தாஸ் அந்தப் பார்வை நகர்ந்த வழியெல்லாம் கூடவே போய்க்கொண்டிருந்தார்.

"அருளு, தப்பா நெனைக்காதே. எனக்கொண்ணும் கிடையாது, உனக்குத் தெரியும். இந்த வரன் நம்ம காரியதரிசி பஞ்சாட்சரம் எழுதின கடுதாசி மூலமாத்தான் வருது, நான் வந்தது அவனுக்கு இன்னும் தெரியாது. அவன் சொந்தக்காரங்க. பத்து நாள்ல நிச்சயம் பேசணும். இத்தனை பேரும் கை நனைக்காத எடத்துல நான் மட்டும்னா... பேச்சு எப்படிப் போகும்னு சொல்ல முடியாது. பொண்ணு விஷயம்."

"தவசிப்பிள்ளை சமையல்தான் ஏகாம்பரம். தண்ணிகூட..."

"அடப் போடா, எனக்குச் சமாதானம் சொல்றியா?" என்று சொல்லிக்கொண்டே, ஒரு பருக்கை விழாத இலையைத் தம் பக்கமாக மடித்தார். "ஒண்ணு செய்யி. நான் இங்க வந்ததாவே யார்கிட்டயும் சொல்லாதே. செத்தவன் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். ஒரு வாரம் கழிச்சு, தகவல் தப்புன்னு எழுதிக்கலாம்."

ஞானசுந்தரி குண்டானைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே அதை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

"எனக்குச் சர்க்கரை. வேளைக்குச் சாப்பிடலேன்னா தலை சுத்தும். பஸ் ஸ்டாண்டாண்ட சுத்தமா ஓட்டல் எதுனா கீதா?" என்றார் ஏகாம்பரம். ஊர்ப் பேச்சு மட்டும் திரும்பி வந்துவிட்டது அவருக்கு.

அருள்தாஸ் அவரோடு ஜட்காவில் ஏறிக்கொண்டார். கடைத்தெருவில் காபி ஓட்டல் வாசலில் ரெட்டியாரின் கார் நின்றது. அது யாருடைய கார் என்று ஏகாம்பரத்துக்குத் தெரியாது. அருள்தாஸுக்குத் தெரியும். "இந்த ஓட்டல் சுத்தமா இருக்கும்" என்றார், நண்பரைக் கைகொடுத்து இறக்கிவிட்டபடி.

உள்ளே மூன்று கறுப்புத் துணிகள் குனிந்து தோசை தின்றுகொண்டிருந்தன. ரெட்டியார் முன்னால் வடைத் தட்டு இருந்தது. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். எல்லோரும் காபிதான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பார்த்தவர் முதலியார். தோசை தொண்டையில் நின்றது. ஆனால் எத்தனையோ வில்லங்கப் பத்திரங்களைப் பார்த்தவர் அல்லவா? விழுங்கிவிட்டு எழுந்து, "ஏகாம்பரம்! தகவல் தப்பா! கடவுளே, கடவுளே!" என்று கூவிக் கட்டிக்கொண்டார். நாயக்கரும் எழுந்து கட்டிக்கொண்டார். ஓட்டலே திரும்பிப் பார்த்தது. ஏகாம்பரம் முழித்தார், பிறகு பிழைத்து வந்தவர் போலவே சிரித்தார்.

"வாங்க மிஸ்டர் அருள்தாஸ், உட்காருங்க. எங்க கூடவே உட்காருங்க" என்று நாயக்கர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். ஓட்டலில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம், சட்டமே சொல்கிறது. ரெட்டியார் ஏகாம்பரத்தின் முன்னால் இட்லித் தட்டைத் தள்ளினார்.

அருள்தாஸ் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசுவாரே, அந்தக் குரலில் சொன்னார். "ஏகாம்பரம் உயிரோட இருக்கான். ஆக, துக்கம் கிடையாது. வீட்டுல சாப்பாடு இன்னும் ஆறல. கார் வாசல்ல நிக்குது. எழுந்து வாங்க, போய்ச் சாப்பிடலாம்."

முதலியார் வயிற்றைத் தடவிக்கொண்டார். "இப்பத்தானே... ஏதோ தலை கிறுகிறுன்னு வந்துதேன்னு லேசா... இனிமே வயித்துல எடம் ஏது?"

"இன்னாய்யா சொல்றாரு அவரு?" என்றார் ரெட்டியார்.

நாயக்கர் காதில் குனிந்தார். "வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்றார்!"

"அட இன்னாய்யா இது பேஜாரு!" ரெட்டியார் வடையைக் கீழே வைத்தார். அவர் ரகசியம் பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். "என் பண்ணையாளோட அண்ணன் வூட்டுல நான் எப்படிய்யா கை நனைக்கறது? நாளைக்கு அந்தச் சின்னப்பையன் என் எதுக்க மேல்துண்டோட நிப்பான். அதுக்குத்தானே ஒக்காந்து பேசி இந்த ஏகாம்பரத்தச் சாவடிச்சோம்? மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

கல்லாவில் இருந்தவர் தலையைத் தூக்கினார். ஏகாம்பரம் இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்தார். அதைத் தவிர உலகத்தில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாதவர் போல.

"பாயிண்ட் ஆஃப் ஆர்டர்" என்றார் நாயக்கர், வக்கீல் மூளை எங்கே போய்விடும்? "அதெல்லாம் இருக்கட்டும். நிறைவேற்றின அனுதாபத் தீர்மானத்தை வாபஸ் வாங்கணும். உயிரோட இருக்கற ஆளை இறந்ததா வச்சிருந்தா சங்கத்துக்கு அவமானம். தலைவர் இருக்கார், காரியதரிசி இருக்கார், கோரத்துக்கு வேண்டிய தலை எண்ணிக்கையும் இருக்கு. மிஸ்டர் பிரசிடென்ட், வாபஸ் தீர்மானத்தை நான் முன்மொழியறேன்."

"வழிமொழிகிறேன்" என்றார் முதலியார், பேச்சு வேறு பக்கம் திரும்பிய நிம்மதியில்.

அருள்தாஸ் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"தலைவர் என்கிற முறையில் அனுமதி மறுக்கிறேன்" என்றார். "தீர்மானம் முறைப்படி நிறைவேறியது. முன்மொழிந்தவர் இருக்கிறார், வழிமொழிந்தவர் இருக்கிறார். சங்கத்தைப் பொறுத்தவரை ஏகாம்பரம் இறந்தவர். இன்று முழுவதும் உங்களுக்குத் துக்கம். பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. எழுந்து கை கழுவுங்கள்."

ஏகாம்பரத்தின் கையில் இட்லி அந்தரத்தில் நின்றது. முதலியாரின் முகம் வெளுத்தது. அந்த ஒரு நொடி அருள்தாஸுக்கு, ஐம்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த நாற்காலியில் இப்போதுதான் உட்கார்ந்தது போல இருந்தது.

"பேஷ்!" என்று நாயக்கர் பெஞ்சைத் தட்டினார். "பாருங்கய்யா, அருள்தாஸுக்கு இந்தக் குறும்பு அந்தக் காலத்துலேர்ந்தே! அப்படியே புரொபசர் மாதிரியே சொல்றார்!"

முதலியார் சிரித்தார். ஏகாம்பரம் சிரித்தார், வாயில் இட்லியோடு. விஷயம் என்னவென்றே தெரியாத ரெட்டியார் எல்லோரையும்விட உரக்கச் சிரித்து, இன்னும் ஒரு வடை கொண்டுவரச் சொன்னார். ஓட்டலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்ற அருள்தாஸின் முகம், அவர் தடுப்பதற்கு முன்னால், இத்தனை வருஷப் பழக்கத்தில் தானாகவே சிரித்துவிட்டது.

உட்காராமல் வெளியே வந்தார். கடைத்தெருவில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். அவர்களுக்கும் அந்த முகத்தோடுதான் பதில் வணக்கம் சொன்னார். ஏரிக்கரை ஏறி இறங்கினார். கோட்டில் கறுப்புத் துணியின் பாதி காற்றில் ஆடிக்கொண்டே வந்தது. சிரிப்பை இறக்கி வைக்க வழியில் ஓர் இடம் அகப்படவில்லை.

வாசலில் ஞானசுந்தரி நின்றிருந்தாள்.

"இன்னா, சிரிச்சிக்கினே வர்றீங்க? சாப்பிட வர்றாங்களா?"